அசைய மறுக்கும் மழைவீழ்ச்சி வரைபு

ஹட்டன் ஆசிரியை:
வணக்கம். ஹட்டன், பதுளை ஆகிய இரு இடங்களின் மாதாந்த மழைவீழ்ச்சியை ஜனவரி முதல் டிசெம்பர் வரை வளர்ந்து செல்லும் இரு கோடுகளாகக் காட்டினால், தென்மேற்குப் பருவப்பெயர்ச்சியில் எங்கள் பக்கமும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியில் பதுளை இருக்கும் ஊவாப் பக்கமும் நனைவது மாணவருக்கு எளிதில் விளங்கும் என எண்ணி, பைதன் நிரல்மொழியில் வரைபு வரையும் நூலகமான மேட்ப்ளொட்லிப்பின் அசைவூட்டக் கருவி ஃபங்க்அனிமேஷனைக் கொண்டு ஒரு நிரல் எழுதினேன். அது ஒழுங்காகவே ஓடியது. பின்னர் வரையும் பகுதி முழுவதையும் ஒரு சார்புக்குள் (ஃபங்ஷன்) அடக்கி, படத்தைத் திரையில் காட்டும் ஷோ கட்டளையை மட்டும் வெளியே விட்டேன். அன்றிலிருந்து வெற்று அச்சுகளே தோன்றுகின்றன. பிழைச் செய்தி இல்லை. அசைவூட்டம் எதையும் வரையாமலே அழிக்கப்பட்டது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை மட்டும் வருகிறது.

பண்டாரவளை நிரலாளர்:
அந்த எச்சரிக்கையிலேயே விடை இருக்கிறது. அசைவூட்டப் பொருளைப் பிடித்து வைத்திருந்தது சார்புக்குள் இருந்த மாறி ஒன்றே. சார்பு முடிந்ததும் அம்மாறி மறைகிறது, வேறெதுவும் பிடித்திராத பொருளைப் பைதன் நினைவகத்திலிருந்து அகற்றிவிடுகிறது. படத்தையோ மேட்ப்ளொட்லிப்பின் ஒரு பகுதியான பைப்ளொட் தன் கணக்கில் வைத்திருக்கிறது. ஆகவேதான் அச்சுகள் மட்டும் எஞ்சுகின்றன. சார்பின் இறுதியில் அசைவூட்டப் பொருளை ரிட்டர்ன் செய்து (திருப்பித் தந்து), அழைக்கும் இடத்தில் ஒரு மாறியில் ஏற்றுக்கொள்ளுங்கள். நானும் இதில் ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன்.

ஹட்டன் ஆசிரியை:
மிக்க நன்றி, கோடுகள் வளர்கின்றன. ஆனால் தலைப்பிலுள்ள மாதப் பெயர் ஜனவரியிலேயே நிற்கிறது. மாறும் பகுதிகளை மட்டும் மீண்டும் வரைந்து வேகம் கூட்டும் பிளிட் என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்திருக்கிறேன்.

பதுளை வாசகர்:
காரணம் பிளிட்தான். அது இயங்கும்போது, இற்றைப்படுத்தும் சார்பு திருப்பித் தரும் உருப்படிகள் மட்டுமே, அதுவும் அச்சுகளின் எல்லைக்குள் மட்டுமே, மீண்டும் வரையப்படும். தலைப்பு அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால், அதைத் திருப்பித் தந்தாலும் பயனில்லை. மாதப் பெயரை அச்சுகளுக்குள் ஓர் எழுத்து உருப்படியாக வைத்து, கோடுகளோடு சேர்த்துத் திருப்பித் தரலாம். ஆனால் மாதத்துக்கு ஒன்றாக 12 சட்டகங்களுக்கு அந்த வேக உத்தி தேவையே இல்லை; பிளிட்டை ஃபோல்ஸ் என்று மாற்றிவிடுங்கள். சட்டகங்களுக்கு இடையிலான நேர இடைவெளியையும் குறிப்பிடுங்கள், இயல்பான 200 மில்லிவினாடியில் ஓராண்டு 2.4 வினாடிகளில் ஓடி முடிந்துவிடும்.

நிரலுக்குப் புறம்பாக ஒன்று: வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை நீள்வதால், ஜனவரியில் தொடங்கினால் எங்கள் மழை இரண்டாக வெட்டுப்படும். மார்ச்சில் தொடங்கிப் பாருங்கள்.