அந்தச் சிரிப்பு உறுத்தியதால் எழுந்து போனவர்

2004. ஒஹாயோவில் மேற்படிப்புக்குச் சேர்ந்த புதிது. நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம், இரவானால் காமெடி சென்ட்ரல் சேனலில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டேவ் சப்பெல் நிகழ்ச்சிதான். அமெரிக்கப் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். இருந்தாலும் அவர் பாடகர் ரிக் ஜேம்ஸ் வேஷத்தில் வந்தால் வயிறு வலிக்கச் சிரிப்பேன். "நான்தான் ரிக் ஜேம்ஸ்" என்று சொல்லி ஒரு வசவோடு முடிக்கும் அந்த ஒற்றை வசனம் அப்போது வகுப்பு, பேருந்து என்று எங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் எங்கள் ஆய்வகத்துக்குள் கறுப்பின மாணவர் ஒருவர் வந்தார். அவரைப் பார்த்ததும் இருவர் அதே வசனத்தை அதே குரலில் கத்தினார்கள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவர் லேசாகப் புன்னகைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வருஷம் மூன்றாவது சீசன் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சப்பெல் கிளம்பிப் போய்விட்டார். ஏறத்தாழ 5 கோடி டாலர் ஒப்பந்தம் அது. போதை என்றார்கள், மூளை கலங்கிவிட்டது என்றார்கள். மனிதர் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருந்தார். 2006 பிப்ரவரியில் ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில்தான் காரணத்தை விவரமாகச் சொன்னார். கறுப்பர்கள்மேல் ஒட்டப்பட்ட இழிவான பிம்பங்களைக் கேலி செய்யும் ஒரு காட்சி. அதில் முகத்தில் கரி பூசிய குட்டி மாயாவியாக அவரே நடித்திருக்கிறார். படப்பிடிப்பில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்த விதம் அவரை உறுத்தியிருக்கிறது. அந்த ஆள் கேலியைப் புரிந்துகொண்டு சிரிக்கிறாரா, கறுப்பரைப் பார்த்தே சிரிக்கிறாரா?

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஆய்வகம்தான் நினைவுக்கு வந்தது. நான் சிரித்தது எந்தச் சிரிப்பு என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னையே கேட்டுக்கொண்டேன். பணத்தை உதறினார் என்றுதான் எல்லோரும் வியக்கிறார்கள். ஒரு சிரிப்பில் இருந்த பிசகை அவ்வளவு பேருக்கு நடுவில் கண்டுபிடித்தாரே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

*

அண்ணா, மேலே நீங்கள் எழுதியிருக்கும் அந்த ரிக் ஜேம்ஸ் வசனம் சப்பெலை அப்போதே துரத்தியிருக்கிறது. 2004-இல் சாக்ரமென்டோ மேடையில் கூட்டம் அதையே கத்திக்கொண்டிருந்ததால் பாதியில் இறங்கிப் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து, இந்த நிகழ்ச்சி என் வாழ்க்கையைக் கெடுக்கிறது என்று அவர்களிடமே சொன்னார். 2013-இல் ஹார்ட்ஃபோர்டிலும் கூச்சல் தாங்காமல் நகைச்சுவையையே நிறுத்திவிட்டார்.

அதனால் 2014 ஜூனில் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்குப் போனபோது எனக்குப் பயமாகவே இருந்தது. கிட்டத்தட்ட 6,000 பேர் உட்காரும் அரங்கம். எனக்குப் பின்வரிசையில் ஒருவர் கத்த ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த பெண் அவர் தோளைத் தொட்டு, "அவர் பேசட்டும்" என்றார். அதற்கப்புறம் சத்தமே இல்லை. சிரிப்பு வந்தால் மைக்கைத் தொடையில் தட்டுவாரே, அந்தச் சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. நான் அழுதுவிட்டேன், ஏன் என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

திருநர்களைப் பற்றி அவர் பின்னாளில் சொன்ன நகைச்சுவைகள் எனக்குப் பிடிக்கவில்லை. தன்மேல் விழுந்த சிரிப்பை அவ்வளவு கவனமாகக் கேட்டவர், அங்கேயும் கேட்டிருக்கலாம். ஆனாலும் 2005-இல் அவர் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் ஒஹாயோவில் டேடன் நகரில் வேலை பார்க்கிறேன். சப்பெல் வசிக்கும் யெல்லோ ஸ்பிரிங்ஸ் இங்கிருந்து அரைமணி நேரம்தான். நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அவருடைய அப்பா அங்கே அந்தியோக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்.

ஒரு சனிக்கிழமை மச்சானோடு அங்கே போயிருந்தேன். கடைத்தெருவில் அவர் யாரோடோ நின்று பேசிக்கொண்டிருந்தார். கடந்து போகிறவர்கள் தலையசைத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போனார்கள். ஒருவர்கூட போனை எடுக்கவில்லை.

மச்சான் என் காதில், "அந்த வசனத்தை ஒரே ஒரு தடவை சொல்லட்டுமா?" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். காபி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் அவர் அங்கேயேதான் பேசிக்கொண்டிருந்தார்.