சிவப்புப் பேடு எல்லாம் ரோட் ஐலண்டா? வாங்க முன்னம் எதைப் பார்க்கிறது?

சாம்பல்தீவு வளவு:
கன்னியாப் பக்கம் ஒருத்தர் அஞ்சு மாதப் பேடுகள் எட்டு விக்கிறார். சுத்த ரோட் ஐலண்ட் ரெட் இனக் கோழி எண்டு சொல்லுறார், விலையும் அதுக்கேத்த விலைதான். முட்டைக்காக இல்லை, சேவலோட விட்டுக் குஞ்சு பொரிப்பிச்சு அதே இனத்தை வைச்சிருக்கத்தான் கேக்கிறன். பாமில நிக்கிற ஹைலைன் பிரவுண், ஷேவர் பிரவுணும் சிவப்புத்தானே. கையில பிடிச்சுப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கலாமா?

தம்பலகாமம் கோழிக்கூடு:
கண்டுபிடிக்கலாம். ஆனா பேட்டைப் பிடிக்க முன்னம் அதோட ஒரே ஈட்டில பொரிச்ச சேவலைக் காட்டச் சொல்லுங்கோ.

நீங்க சொன்ன ஹைலைன், ஷேவர் மாதிரிப் பாமில முட்டைக்கு வளர்க்கிற பிரவுண் லேயர் எண்டு வாறது ஒரு இனமே இல்லை. பொரிச்ச அண்டைக்கே நிறத்தைப் பார்த்து ஆண் பெண் பிரிக்கிறதுக்காகச் சேர்த்த கலப்பு. தகப்பன் சிவப்பு வழி, தாய் வெள்ளை வழி. கோழியில ஆண் பெண் எண்டதைத் தீர்மானிக்கிற பால் நிறமூர்த்தம் (குரோமோசோம்) தாயிட்ட ரெண்டும் வேற வேற. வெள்ளைக்குரிய பரம்பரை அலகு (ஜீன்) இருக்கிறது மகனுக்குப் போறதில. மகளுக்குப் போறதில இல்லை. அதால பேட்டுக்குஞ்சு தகப்பனைப்போல சிவப்பு, சேவல்குஞ்சு மஞ்சளாப் பொரிச்சு வளர வெள்ளையாகும். சிவப்பு லேயரின்ர கூடப்பிறந்த சிவப்புச் சேவல் எண்டு ஒண்டு கிடையாது. "சேவல் எல்லாம் முதலே வித்திட்டன்" எண்டால் யோசியுங்கோ. வேற ஆளிட்ட வாங்கின சிவப்புச் சேவலைக் காட்டினாலும் அது இந்தப் பேடுகளுக்குச் சாட்சி இல்லை.

பிறகு பேட்டைத் தூக்கி, முதுகு இறகை ஊதி விலக்கித் தோல்வரைக்கும் பாருங்கோ. சுத்த ரோட் ஐலண்டில அடிப் பஞ்சும் சிவப்பாத்தான் இருக்கும். கலப்பில மேல சிவப்பு, அடியில வெள்ளை. செட்டையை விரிச்சால் சுத்தத்தில பெரிய இறகுகளில கறுப்பு தெரியும். வாலும் கறுப்பு, வெயிலில பச்சை மினுக்கம் அடிக்கும். கழுத்தின்ர அடியில சில இறகு நுனியிலயும் கறுப்புப் புள்ளி வரும். லேயர் கலப்பின்ர வால் வெளிறின சிவப்பு, அனேகமா வெள்ளை இறகும் கலந்திருக்கும். நிறமும் செங்கல் சிவப்பு. சுத்தம் கடும் மரச்சிவப்பு. வாலில கறுப்பே இல்லாமல் வெள்ளை இருக்கிற பேட்டை ரோட் ஐலண்ட் எண்டு நான் ஒருக்காலும் வாங்கமாட்டன்.

நிறையும் போடுங்கோ. நல்லா வளர்ந்த ரோட் ஐலண்ட் பேட்டுக்கு 2.9 கிலோ, சேவலுக்கு 3.9 கிலோ எண்டதுதான் அமெரிக்கத் தர அளவு. லேயர் கலப்பு 2 கிலோ அளவில நிண்டுடும். ஆனா அஞ்சு மாதத்தில இந்த வித்தியாசம் முழுசாத் தெரியாது, இதை மட்டும் நம்பவேண்டாம்.

சாம்பல்தீவு வளவு:
நன்றி அண்ணை. போய்ப் பார்த்தன். சேவல் இல்லையாம். வாலில வெள்ளை இருக்கு, அடிப்பஞ்சும் வெள்ளை. கால் மஞ்சள் இல்லை, வெளிறிப்போய்க் கிடக்கு. மேல் சொண்டு மொட்டை, கீழ்ச் சொண்டு நீட்டு. கால் வெள்ளை எண்டால் சசெக்ஸ் எண்ட இனத்தின்ர கலப்பு எண்டு இன்னொருத்தர் சொல்லுறார், அது சரியா?

கிண்ணியா நானா:
தம்பி, கால் வெள்ளை என்டதும் சசெக்ஸ் என்டு முடிவு கட்டாதீங்க. லைட் சசெக்ஸுக்குத் தோல் வெள்ளை, கலப்பிலும் அது தூக்கலா வரும், உண்மைதான். ஆனா மஞ்சள் கால் பேடு முட்டை இடத் தொடங்கினாலும் வெளிறும், மஞ்சள் எல்லாம் முட்டைக் கருவுக்குப் போயிரும். அது போறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முதல்ல பின்துவாரம், ஒரு கிழமைக்குள்ள. பிறகு கண் ஓரம், காதுச்சோணை, அதுக்குப் பிறகு சொண்டு: அடியில இருந்து நுனிக்கு. கடைசியாத்தான் கால், அதுக்கு நாலஞ்சு மாதம் விடாம முட்டை இடணும். காலிலயும் முன்பக்கம் முதல் வெளிறும், முட்டி கடைசி. முட்டியிலயும் சொண்டு நுனியிலயும் கொஞ்சம் மஞ்சள் மிஞ்சியிருந்தா அது மஞ்சள் கால் கோழிதான்.

இப்ப கணக்குப் பாருங்க. அஞ்சு மாதப் பேடு முட்டையே இப்பதான் தொடங்கும், ரோட் ஐலண்ட் என்டா இன்னும் பிந்தும். முட்டை இட்டுக் கால் வெளிறியிருந்தா வயசு ஒன்பது பத்து மாதமாவது இருக்கும். மேல் சொண்டு வெட்டியிருக்கு என்டா குஞ்சிலேயே பாமுக்காக வெட்டினது. நாலு கோழி வளர்க்கிற ஆள் சொண்டு வெட்டுறதில்ல. ஏறத்தாழ 72 கிழமைக்குப் பிறகு பாமில இருந்து கழிச்சு விக்கிற லேயரா இருக்கத்தான் இடமிருக்கு. இடுப்பு எலும்பு ரெண்டுக்கும் நடுவுல விரல் வெச்சுப் பாருங்க. முட்டை இடாத பேட்டுக்கு ஒரு விரல் போறதே கஷ்டம், இதுக்கு மூணு விரல் போகும்.

முட்டைக்கு மட்டும் என்டா கழிச்ச லேயரும் மோசமில்ல, கழிச்ச விலைக்கு வாங்கினா. ரோட் ஐலண்ட் விலைக்கு இல்ல.

மூதூர் வாசகன்:
கறுப்புக் கோழியிலயும் வரிக் கோழியிலயும் இதே கூத்து நடக்குது, அதையும் எழுதுங்கோ.

தம்பலகாமம் கோழிக்கூடு:
கறுப்பு லேயர் கலப்புக்குச் சிவப்புச் சேவலும் பிளிமத் ரொக் எண்ட வரி இனத்துப் பேடும். பேடு கறுப்பா வந்து கழுத்திலயும் நெஞ்சிலயும் சிவப்பு அடிக்கும். அதை ஒஸ்ரலோர்ப் எண்ட சுத்தக் கறுப்பு இனம் எண்டு விப்பாங்கள். ஒஸ்ரலோர்ப்பில சிவப்பு இறகு ஒண்டும் இருக்காது, உள்ளங்கால் வெள்ளை. உள்ளங்கால் மஞ்சள் எண்டால் கலப்பு.

அந்தக் கலப்பின்ர சேவல் வரியோட வரும், அதைச் சுத்தப் பிளிமத் ரொக் எண்டு தலையில கட்டுவாங்கள். சுத்தச் சேவலுக்கு வரியின்ர பரம்பரை அலகு ரெண்டு, பேட்டுக்கு ஒண்டு. அதால சுத்தச் சேவல் பேட்டைவிட வெளிறித் தெரியும். பேட்டுக்குச் சமனாக் கறுத்த வரிச் சேவல் கலப்புச் சேவல்.

சாம்பல்தீவுத் தம்பி, அந்த எட்டையும் விடுங்கோ. வேற இடத்தில சேவலும் பேடும் சேர்ந்து கிடைச்சாலும் பொரிப்பிச்சுப் பார்க்காமல் இனம் எண்டு நம்பவேண்டாம். பேடுகளை மற்றச் சேவலிட்ட இருந்து மூண்டு கிழமை பிரிச்சு வையுங்கோ, பழைய சேவலின்ர விந்து அவ்வளவு நாள் பேட்டுக்குள்ள உயிரோட இருக்கும். பிறகு ஒரு சேவலுக்கு எட்டுப் பேடு. ஒரு கிழமைக்குள்ள இட்ட முட்டை இருபதை, கூர் நுனி கீழ இருக்க வைச்சு எடுத்து, ஊர்ப் பேட்டிட்ட அடைக்கு விடுங்கோ. ஒரு பேட்டுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல வேண்டாம். கச்சான் காத்து (சூடான வறண்ட காத்து) அடிக்கிற மாதங்களில முட்டையை வெளிய வைச்சால் கரு கெட்டுப்போகும், மண்பானைக்குள்ள வையுங்கோ. எல்லாக் குஞ்சும் ஒரே செம்மண் நிறத்தில வந்தால் நல்லது. மஞ்சள் குஞ்சு ஒண்டு வந்தாலும், வளர வாலில வெள்ளை ஏறினாலும் வழியில கலப்பு இருக்கு. எந்தத் தாயின்ர முட்டை எண்டு பென்சிலால எழுதி வைச்சால் அந்தத் தாயை மட்டும் கழிக்கலாம்.