அந்த மூன்று காலி சீட்

கணக்கன்:
இரண்டு முனைக்கு நடுவே போய்வந்து ஆள் ஏற்றும் ஷட்டில் வண்டித் தொழில் தொடங்க ஆசைப்பட்டுக் கேட்ட ஒருவருக்கு நேற்று இந்தக் குழுவில் பழைய சக்கரம் அண்ணன் கொடுத்த அறிவுரை இது: “12 சீட் வண்டி எடு. நிரம்பாமல் கிளப்பாதே. மூன்று சீட் காலியாகப் போனாலும் அந்த டிரிப் நஷ்டம்.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வண்டி ஓடினாலும் நின்றாலும் ட்யூ, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் மூன்றும் போய்க்கொண்டேதான் இருக்கும். ஒரு டிரிப் கூடுதலாக ஓடினால் ஏறுகிற செலவு டீசலும் டயர் தேய்மானமும்தான். ஒன்பது பேர் கொடுக்கும் காசு அதைத் தாண்டிவிட்டால் நஷ்டம் எங்கிருந்து வருகிறது? அப்புறம், இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் வருகிற இடத்தில் 12 சீட்டும் நிரம்ப வேண்டுமென்றால் முதலில் ஏறியவர் 24 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நாளைக்கு வருவாரா?

பழைய சக்கரம்:
தம்பி, உங்களிடம் எத்தனை வண்டி ஓடுகிறது? நான் 11 வருடம் மூன்று வண்டி ஓட்டியவன். நீங்கள் பேனாவில் டீசல் ஊற்றி ஓட்டுகிறீர்கள். டிரிப்புக்கு மூன்று சீட் காலி, ஒரு நாளைக்கு 14 டிரிப், ஆக 42 சீட். மூன்றரை முழு டிரிப் சும்மா ஓடியதற்குச் சமம். இதற்குப் பட்டம் எல்லாம் வேண்டாம், விரல் போதும்.

ஜன்னலோரம்:
நான் வண்டி ஓட்டியதில்லை, உட்கார்ந்து பழக்கம். இந்த ‘நிரம்பினால்தான்’ கும்பலின் வித்தை ஒன்று உண்டு. டிரைவர் எஞ்சினை உறும விடுவார். வண்டியை ஓரடி முன்னால் எடுப்பார், மறுபடி ஓரடி பின்னால். உள்ளே இருப்பவர்கள் கிளம்பப் போகிறது என்று நம்பி இறங்காமல் இருக்க வேண்டும், வெளியே இருப்பவர்கள் பதறி ஓடிவர வேண்டும். ஒருநாள் ஒரு பெரியவர் நான்காவது ஓரடிக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். “இத்தனை தடவை முன்னும் பின்னும் போனதற்கு நடந்திருந்தால் வீட்டுக்கே போயிருப்பேன்” என்றார். மூன்று சீட் காலி இருந்தது நான்கு ஆனதுதான் மிச்சம்.

வால்வு:
கணக்கன் சார், 24 இல்லை, 22. முதல் ஆள் ஏறிய பிறகு இன்னும் 11 பேர்தான் வர வேண்டும்.

கணக்கன்:
சரி, 22. விஷயம் அதுவா?

பழைய சக்கரம்:
அதுதான் விஷயம். ஒரு வண்டிக்குள் 12 பேரை எண்ணத் தெரியாதவர் எனக்குத் தொழில் சொல்கிறார். தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேட் டயர் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் குதித்தீர்கள்.

கணக்கன்:
அன்றைக்கு நான் சொன்னது, ஸ்டியரிங் பக்கம் முன் சக்கரத்தில் ரீட்ரேட் போடாதீர்கள் என்று. அது பிரிந்தால் வண்டி கைக்கு அடங்காது. அதில் என்ன தப்பு? நீங்கள்தான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய சக்கரம்:
என் வண்டி ஒருநாளும் கவிழ்ந்ததில்லை. பேச்சை மாற்றாதீர்கள். மூன்று சீட். பதில் சொல்லுங்கள்.

புதியவன்:
ஐயா, நேற்று கேட்டவன் நான்தான். ஒரு சின்ன விளக்கம். நான் தொடங்க நினைப்பது தொழிற்சாலை ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்த ஓட்டம். மாதத்துக்கு ஒரே தொகை, தலைக்குக் காசு இல்லை. எனக்கு இந்த மூன்று சீட் கணக்கு பொருந்துமா?

பழைய சக்கரம்:
எல்லாருக்கும் பொருந்தும். துருக்கியில் இந்த மாதிரி வண்டிக்குப் பெயரே டோல்முஷ். அந்தச் சொல்லுக்கு ‘நிரம்பியது’ என்றுதான் அர்த்தம். ஒரு நாடே என் கட்சி.

ஜன்னலோரம்:
அதே டோல்முஷ் வழியில் நிறுத்தி ஆள் ஏற்றும், இறக்கும் அண்ணே. நீங்கள் முனையிலேயே நிரப்பிவிட்டால் வழியில் நிற்பவரை எங்கே ஏற்றுவீர்கள், மடியிலா?

மின்மினி:
எதற்கு இந்தச் சண்டை? முனையில் நிற்கிற காலம் எல்லாம் போய்விட்டது. ஃபோனில் சீட் பதிவு செய்ய வையுங்கள், யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். அப்படியே மின்சார வண்டியாக எடுத்தால் டீசல் பேச்சும் முடிந்தது.

வால்வு:
பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இதைச் செய்துதான் பார்த்தார்கள். குட்சுபிளஸ் என்று பெயர், 2012-ல் தொடக்கம், 15 மினி பஸ், ஃபோனில் கூப்பிட்டால் வரும். ஏறியவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் டிக்கெட் காசு செலவில் சிறு பங்கைக்கூடத் தாண்டவில்லை, மீதியெல்லாம் மானியம். 2015 முடிவில் மூடிவிட்டார்கள். ஒரு வண்டிக்காரருக்கு யார் மானியம் கொடுப்பார்?

மின்மினி:
அது டீசல் வண்டி. அதனால்தான் போண்டி.

வால்வு:
டீசலால் இல்லை. ஆள் சம்பளத்தால், காலியாக ஓடிய தூரத்தால். கூப்பிட்ட இடத்துக்குக் காலியாகப் போவதும் கிலோமீட்டர்தான்.

பழைய சக்கரம்:
பாருங்கள், ‘காலியாக’ என்று அவரே சொல்கிறார். என் கட்சி.

கணக்கன்:
ஒரு கணக்கு போடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஒரு பக்கம் 25 நிமிட ஓட்டம், ஒவ்வொரு முனையிலும் 5 நிமிட ஓய்வு. ஒரு சுற்று 60 நிமிடம். ஒரு வண்டி இருந்தால் மணிக்கு ஒன்று, இரண்டு இருந்தால் அரை மணிக்கு ஒன்று, நான்கு இருந்தால் கால் மணிக்கு ஒன்று. அரை மணிக்கு ஒன்று என்று ஊரே நம்பிவிட்டால் ஆட்கள் வண்டி நேரத்துக்கே வந்து நிற்பார்கள். நம்பிக்கைதான் சரக்கு. ஒரு வண்டி நிரப்புகிறேன் என்று 30 நிமிடம் நின்றால் பின்னால் வருவது அதே முனைக்கு வந்துவிடும். இரண்டும் ஒரே இடத்தில், அடுத்த முனையில் ஒன்றுமில்லை.

பழைய சக்கரம்:
பின்னால் வண்டி வந்தால் அவன் ஹாரன் அடிப்பான், முன்னால் நிற்பவன் எடுத்துவிடுவான். இது எங்களுக்குத் தெரியாதா?

கணக்கன்:
எடுக்கும்போது நிரம்பியிருக்குமா?

பழைய சக்கரம்:
சில நாள் நிரம்பும், சில நாள் நிரம்பாது.

கணக்கன்:
அப்போது மூன்று சீட் காலியாகத்தானே எடுக்கிறான்? எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணனே சொல்லிவிட்டார்.

பழைய சக்கரம்:
அது வேறு. ஹாரன் அடித்து எடுப்பது வேறு, நேர அட்டவணைக்கு எடுப்பது வேறு. ஹாரனுக்கு எடுத்தால் அது முறை. கடிகாரத்துக்கு எடுத்தால் அது நஷ்டம்.

ஜன்னலோரம்:
ஒரு ஹாரனில் கூட்டல் கழித்தலே மாறிவிட்டது.

பழைய சக்கரம்:
நீங்கள் டிக்கெட் வாங்கி உட்காருகிறவர். முதலாளிக்கு என்ன வலி என்று தெரியாது. கிளட்ச் பிளேட் மாற்றிய நாளில் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முனையில் நின்றிருக்கிறீர்களா? ஒவ்வொரு காலி சீட்டும் அந்தப் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்க்கும். நான் நின்றிருக்கிறேன். என் வண்டியில் கடைசி வரிசை நடு சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சே வரும்.

வால்வு:
அந்தக் கிளட்ச் தேய்ந்ததே ஓரடி முன்னால், ஓரடி பின்னால் ஆட்டியதில்தான் அண்ணே. சொன்னால் கோபம் வரும்.

பழைய சக்கரம்:
மெக்கானிக் எப்போதும் டிரைவரைத்தான் சொல்வான். ஷெட்டில் வண்டியை மூன்று நாள் போட்டு வைப்பது யார்?

வால்வு:
பழைய கதை எல்லாம் எடுக்காதீர்கள். எனக்கும் கதை தெரியும்.

புதியவன்:
ஐயா, மன்னிக்கவும், இன்னொரு தடவை கேட்கிறேன். என் ஓட்டத்தில் தலைக்குக் காசு இல்லை. எத்தனை பேர் ஏறினாலும் அதே தொகைதான். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

வால்வு:
தம்பி, உங்களுக்குக் காலி சீட் கவலையே இல்லை. வண்டி ஒருநாள் வராவிட்டால் ஷிப்டே கெடும், கவலை அதில்தான். ஸ்பேர் வண்டிக்கு யாரிடமாவது முன்னாலேயே பேசி வையுங்கள், ஆக்டிங் டிரைவர் ஒருவர் நம்பர் கையில் இருக்கட்டும். டீசல் விலை ஏறினால் மாதத் தொகையும் ஏறும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஷெட்டிலிருந்து முதல் ஆளை ஏற்றும் இடம் வரை ஓடும் டெட் கிலோமீட்டர் யார் கணக்கு என்பதையும் எழுத வையுங்கள். பலர் அதில்தான்…

பழைய சக்கரம்:
நடுவில் புகுந்து ஆளைக் குழப்பாதீர்கள். தம்பி, ஒப்பந்தமோ என்னவோ, மூன்று சீட் காலியாகப் போனால் மனசுக்கே ஆகாது.

கணக்கன்:
நஷ்டம் என்று ஆரம்பித்தது இப்போது மனசுக்கு ஆகாது என்று இறங்கிவிட்டது.

பழைய சக்கரம்:
இறங்கவில்லை. நஷ்டம், மனசுக்கும் ஆகாது, இரண்டும்தான். 24-க்கும் 22-க்கும் வித்தியாசம் தெரியாதவரோடு இதற்கு மேல் பேச முடியாது. காலையில் முதல் டிரிப் இருக்கிறது.

ஜன்னலோரம்:
வண்டிகளை விற்றுவிட்டதாகப் போன மாதம் சொன்னீர்களே அண்ணே?

பழைய சக்கரம்:
இரண்டை விற்றேன். ஒன்று இருக்கிறது. அதில் உங்களுக்கு சீட் இல்லை.

ஜன்னலோரம்:
மூன்று இருக்குமே?