சாய்ந்த தடித்த தமிழ்த் தலைப்பெழுத்து: வரைந்தே செய்தது உண்டா?

பதாகைத் தலைப்புக்கு ஆங்கிலத்தில் மான்ட்செராட் பிளாக் இட்டாலிக் (மிகத் தடித்த சாய்வெழுத்துரு) முடிவாகிவிட்டது. தமிழில்தான் சிக்கல். முக்தா மலர் 800, நோட்டோ சான்ஸ் தமிழ் 900 (எண் என்பது எடை, அதாவது தடிப்பு) எழுத்துருக்கள் இரண்டுக்கும் சாய்வு வடிவம் கிடையாது. இல்லஸ்ட்ரேட்டர் வரைகலை மென்பொருளில் 12 பாகை ஷியர் (வடிவத்தை அப்படியே சாய்ப்பது) கொடுத்தால் வட்டங்களின் மேல்வலமும் கீழிடமும் தடித்து, எதிர்மூலைகள் மெலிகின்றன. ஞ, ணை, லை சுழிகள் கிட்டத்தட்ட அடைபடுகின்றன, புள்ளி முட்டையாகிறது. (புள்ளியைத் தனியே எடுத்து வட்டமாக்கிவிடலாம், சுழிதான் பெரும்பாடு.) 8 பாகைக்குக் குறைத்தால் பார்க்கச் சகிக்கும், ஆனால் பக்கத்து ஆங்கிலத்தோடு சாய்வு ஒட்டவில்லை.

வரைந்தே சாய்த்த, தடித்த யூனிகோட் தமிழ் எழுத்துரு ஏதேனும் உண்டா? இல்லையென்றால், 700 எடையைச் சாய்த்து மெலிந்த இடங்களுக்கு மட்டும் கையால் தடிமன் ஏற்றுபவர்கள் எந்த முனைகளை (ஆங்கர் பாயின்ட்) தொடுகிறீர்கள்? தலைப்பு 2 அடி உயரம், ஃபிளெக்ஸ் அச்சு. வணிக உரிமம் கட்டாயம். பழைய டாம், டேப் குறியாக்கம் வேண்டாம்.