புதுப்பிப்பு: புல்லட் பைக் இன்ஜின் கேஸுக்குப் பெயின்ட் வேண்டாம், பேரலுக்கு மட்டும்

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 இன்ஜினைப் பிரித்திருக்கும்போதே கிராங்க்கேஸுக்கும் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) பெயின்ட் அடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அலுமினிய கேஸை அப்படியே விடுவதுதான் சரி. வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய ஆயில் சூட்டில் கசிந்து பெயின்ட்டைக் கொப்பளமாகத் தூக்கிவிடும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். பீட் பிளாஸ்டிங் (நுண்ணிய கண்ணாடி மணிகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது) என்றால் ஆயில் துவாரங்களை முதலில் அடைத்துவிடுங்கள். உள்ளே தங்கும் கண்ணாடித் துகள் பேரிங்கைத் தின்றுவிடும்.

வார்ப்பிரும்பு பேரல் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) துருப்பிடிக்கும், அதற்குப் பெயின்ட் கட்டாயம் தேவை. கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, தின்னரால் துடைத்து, சூடு தாங்கும் மேட் கறுப்பு மெல்லியதாக 2 கோட். தடித்துப் போனால் ஃபின்களின் (பேரலைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகள்) சூடு சரியாக வெளியேறாது. கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தகடு) உட்காரும் முகங்களையும் நட் உட்காரும் இடங்களையும் டேப் ஒட்டி மறையுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் நசுங்கி, நட் தளர்ந்து, ஆயில் கசியும்.