400 கே.வி. லைன்: சங்கத் தீர்மானத்தில் எதை முதலில் வைக்கணும்?

நொய்யல்கரை:
காங்கேயம் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள்ள 400 கே.வி. (கிலோவோல்ட்) இரட்டைச் சுற்று உயர் மின்னழுத்த லைன் வருது, ஒரே கோபுரத்தில் இரண்டு மின்சுற்று. எங்க விவசாயிகள் சங்கம் அடுத்த குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் தீர்மானம் கொடுக்கப் போகுது. வரைவில் மூணு கோரிக்கை இருக்கு. சம்மதம் இல்லாமல் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. லைன் முழுக்க ரோட்டோரம் மண்ணுக்கடியில் போகணும். கோபுரம் நிற்கும் இடத்துக்கு சந்தை விலையில் நாலு மடங்கு. இதெல்லாம் நிற்குமா? எதை மாத்தணும்?

பட்டா சிட்டா:
முதல் கோரிக்கை நிற்காதுங்க. 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 164-ன்படி 1885 தந்திச் சட்ட அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கு நில உடைமையாளர் சம்மதம் தேவையில்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் மின்பாதைகளுக்குத் தந்திச் சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடரும்னு அதிலேயே சொல்லியிருக்கு. ஆனால் அந்த அதிகாரம் தந்த அரசாணை நகலைக் கேளுங்க. அது இல்லைன்னா பேச்சே வேற.

தந்திச் சட்டத்திலேயே நமக்கும் பிடி இருக்கு. பிரிவு 10: உரிமை அவங்களுக்கு மாறாது, பயன்பாட்டு உரிமை மட்டும்தான்; சேதம் முடிந்த அளவு குறைவாக இருக்கணும், நடந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தரணும். உடைமையாளர் எதிர்ப்புத் தெரிவித்தால் 16(1)-ன்படி கலெக்டர் உத்தரவு வேணும். அதனால் தீர்மானத்தில் இப்படி எழுதுங்க: "எழுத்தில் ஆட்சேபம் கொடுத்த நிலத்தில், எங்களை விசாரித்து 16(1) உத்தரவு பிறப்பித்து நகல் தந்த பிறகே வேலை." வாய்ப்பேச்சு ஆட்சேபம் பதிவில் இருக்காது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனி மனு, ஒப்புகைச் சீட்டோடு.

சென்ட் கணக்கு:
மூணாவது கோரிக்கையில் குறி தப்புது. பணம் கோபுரத்தில் இல்லை, கம்பிக்குக் கீழேதான் இருக்கு. 2015 அக்டோபர் மத்திய அரசின் இழப்பீட்டு வழிகாட்டுதலில் கோபுர அடிமனைக்கு நில மதிப்பில் 85%, கம்பி வழித்தடத்துக்கு (கம்பிக்குக் கீழே உள்ள நிலப்பட்டை) அதிகபட்சம் 15%. 2024 ஜூனில் அது 200%, 30% ஆச்சு. 2025 மார்ச் திருத்தத்தில் வழித்தடத்துக்கு கிராமத்தில் 30%, நகராட்சி, பேரூராட்சியில் 45%, மாநகராட்சியில் 60%.

கணக்குப் போட்டுப் பாருங்க. 400 கே.வி. வழித்தட அகலம் 46 மீட்டர். தோப்புக்குள்ள 100 மீட்டர் நீளம் கம்பி போனால் 4,600 சதுர மீட்டர், ஏறக்குறைய 114 சென்ட். கோபுரக் கால்களுக்கு இடையே 10 மீட்டர்னு வைத்து, பக்கத்துக்கு ஒரு மீட்டர் கூட்டினால் 144 சதுர மீட்டர், மூன்றரை சென்ட்தான். சென்ட் 20,000 ரூபாய்னு வைத்தால் கோபுரத்துக்கு 200%-ல் சுமார் 1.42 லட்சம். வழித்தடத்துக்கு 30%-ல் சுமார் 6.8 லட்சம். கோபுரத்துக்கு நாலு மடங்கு வாங்கினாலும் கூடுதல் ஒன்றரை லட்சம்கூட வராது. வழித்தடத்தை 30-லிருந்து 60 ஆக்கினால் இன்னொரு 6.8 லட்சம். கோபுரமே இல்லாமல் கம்பி மட்டும் போகும் தோட்டக்காரங்கதான் ஊரில் அதிகம். அவங்களுக்கு அந்த சதவீதம்தான் எல்லாம்.

இன்னொரு சிக்கல், அடிப்படை மதிப்பு. கிரயப் பத்திரமெல்லாம் அரசு வைத்த வழிகாட்டி மதிப்பிலேயே பதிவாகியிருந்தால் சந்தை விலைக்கு ஆதாரமே இருக்காது. 2025 திருத்தத்தில் சந்தை விலைக் குழு இருக்கு, அதில் உடைமையாளர் தரப்புக்கும் இடம் உண்டு. யாரை அனுப்பறதுன்னு சங்கம் இப்பவே முடிவு பண்ணட்டும். இந்த வழிகாட்டுதல்களை மாநிலத்துக்குள் ஓடும் லைனுக்கும் அமல்படுத்தி அரசாணை கேட்பதுதான் தீர்மானத்தின் முதல் வரியா இருக்கணும்.

மின்பாதை:
மண்ணுக்கடியில் என்பதை 'முழுக்க'ன்னு எழுதாதீங்க. 400 கே.வி. ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) கேபிளை நீளமாகப் புதைத்தால் கேபிளே தனக்குன்னு ஒரு மின்னோட்டத்தை இழுக்கும், அதுதான் சார்ஜிங் கரண்ட். சில பத்து கிலோமீட்டர் தாண்டினால் கேபிள் மின்சாரம் கடத்தும் திறனையே அது தின்றுவிடும், அதை ஈடுகட்ட வழியில் ரியாக்டர்னு ஒரு சாதனம் வைக்கணும். இதைக் காட்டி மொத்தக் கோரிக்கையையும் ஒரே பதிலில் ஒதுக்கிடுவாங்க. டி.சி. (நேர்திசை மின்சாரம்) லைனுக்கு அந்தத் தடை கிடையாது. புகளூர்–திருச்சூர் 320 கே.வி. டி.சி. பாதையில் கேரளத்துக்குள் ஒரு பகுதி கேபிளாகத்தான் போகுது. அதனால் பிரித்துக் கேளுங்க: டி.சி. லைன் வந்தால் ரோட்டோரக் கேபிள், ஏ.சி. லைனுக்கு வீடு, கிணறு, அடர்ந்த தோப்பு உள்ள இடத்தில் மட்டும் கேபிள் அல்லது தடம் மாற்றம்.

நொய்யல்கரை:
தென்னைக்கு என்ன செய்வது? வழித்தடத்தில் மரத்தை வெட்டியே ஆகணும்கிறாங்க.

மின்பாதை:
400 கே.வி.க்குத் தரையிலிருந்து குறைந்தபட்ச இடைவெளி 8.84 மீட்டர், 29 அடி. கம்பி இரண்டு கோபுரத்துக்கு நடுவில்தான் தாழும். வெயிலில் லோடு ஏறினால் இன்னும் இறங்கும். அதனால் உயர ரகத் தென்னை அங்கே நிற்க முடியாது. மஞ்சள், கடலை, மரவள்ளி போடலாம். அலுமினியத் துறட்டி, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி இரண்டும் கூடாது. கம்பி வேலிக்கு எர்த் வையுங்க, மேலே போகும் கம்பியைத் தொடாமலே தூண்டலில் ஷாக் அடிக்கும்.

பட்டா சிட்டா:
மரத்துக்கான பணம் நில இழப்பீட்டோடு சேராது, தனி. வெட்டும் முன்னாடி வி.ஏ.ஓ., தோட்டக்கலை அலுவலர் முன்னிலையில் மரத்துக்கு எண் போட்டு, வயசு, காய்ப்பு எழுதி, போட்டோவோடு மகஜர் (சாட்சிகள் கையெழுத்திட்ட நேரடிப் பதிவு) வாங்கணும். அடங்கலில் (வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேடு) தென்னை ஏறலைன்னா முதலில் அதை ஏத்துங்க. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். தொகை குறைவாக வந்தால் "ஆட்சேபத்துடன் பெற்றேன்"னு எழுதி வாங்கிட்டு, 16(3)-ல் மாவட்ட நீதிபதியிடம் போங்க. அந்தத் தீர்ப்பு இறுதியானதுன்னு சட்டமே சொல்லுது, அதனால் சாட்சியம் எல்லாம் அங்கேயே இருக்கணும். நிலம் எங்கே இருக்கு, கம்பி எப்படிப் போகுது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வழக்கிலும் இழப்பீடு மாறும்னு 2007-ல் கேரள மின் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. புல வரைபடத்தில் கம்பித் தடத்தை சர்வேயரை வைத்துக் குறித்து வாங்கி வையுங்க.