புதுப்பிப்பு: அப்புத்தளைக் காட்சிகள் சரியாகிவிட்டன

அப்புத்தளைத் தேயிலை மலையில் எடுத்த சினிமாடிஎன்ஜி (ரா, அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வீடியோ வடிவம்) காட்சிகள் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் திக்கித் திக்கி ஓடுகின்றன, பனிமூட்டமும் ஒரேயடியாக நீலமாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

இந்த வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தனிக் கோப்பு. வினாடிக்கு 24 என்றால் நிமிடத்துக்கு 1,440 கோப்புகள்! பழைய ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்கவில்லை. எஸ்எஸ்டிக்கு மாற்றியதும் சீராக ஓடுகிறது.

அப்புறம் நிறம். ரிசால்வின் கேமரா ரா பகுதியில் 'டிகோட் யூசிங்' என்பதை 'கிளிப்' ஆக்கி (அப்போதுதான் அந்தக் கிளிப்பின் அமைப்புகளைத் தனியே மாற்றலாம்), வண்ண வெப்பநிலையை 5600 கெல்வினிலிருந்து 6500க்கு ஏற்றினேன்; நீலம் குறைந்து படம் கதகதப்பானது. கொழுந்து பறிக்கும் அக்காமாரின் முகங்களில் உயிர் வந்துவிட்டது. ராவில் வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பு) படத்தோடு உறைந்துபோவதில்லை, அதனால்தான் இது முடிகிறது. மூட்டத்தை மட்டும் நான் துடைக்கவில்லை, மலையகத்துக் காலை அப்படித்தான் இருக்கும்.

பிளாக்மேஜிக் ரா என்ற இன்னொரு ரா வடிவத்தில் எடுக்கும் கேமரா உள்ளவர்கள் அதிலேயே எடுங்கள்: ஒரு கிளிப்புக்கு ஒரே கோப்பு.